பீர் ஆலையில் ஒரு பிணம், அடுப்பில் பார்லி சூப்

மழை பிடித்துக்கொண்டது. மாலை நான்கு மணிக்கே வானம் கறுத்துவிடுகிறது, ஐந்து மணிக்குக் கொட்டுகிறது, நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்து நாம் வீட்டுக் கதவைத் திறக்கும்போது ஏழரை ஆகிவிடுகிறது. நம் நாட்டில் இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. தீபாவளிக்கு முன்னும் பின்னும் பெய்யும் இந்த மழையைத்தான் நாம் குளிர்காலம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். போர்வை, சூடான கிண்ணம், ஒரு கொலைக் கதை: இந்த வாரப் பகுதிக்கு இவை மூன்றும் போதும்.

கதையின் பெயர் ‘டெத் ஆன் டேப்’. எழுதியவர் எல்லி அலெக்சாண்டர், வெளிவந்தது 2017-இல். எல்லி அலெக்சாண்டர் என்பது புனைபெயர்; உண்மையான பெயர் கேட் டையர்-சீலி. பேக்கரி ஒன்றைச் சுற்றி ஏற்கெனவே ஒரு துப்பறியும் வரிசையை எழுதிப் பெயர் வாங்கியவர், இதில் மாவை விட்டுவிட்டு பீருக்கு மாறியிருக்கிறார். ஆம், பீர்தான். குடும்ப இதழில் பீரா என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதைப் பற்றியும் பேசத்தான் போகிறேன்.

கதாநாயகி ஸ்லோன் க்ராவ்ஸ். பெற்றோர் யாரென்று தெரியாமல், வளர்ப்பு வீடு மாறி வளர்ப்பு வீடு என்று வளர்ந்தவள். கணவன் மேக், பதின்ம வயதில் ஒரு மகன், கணவன் குடும்பத்துக்குச் சொந்தமான ‘டெர் கெல்லர்’ என்ற பெரிய பீர் ஆலை. அந்த ஆலையில் பல ஆண்டு வேலை செய்து தொழிலைக் கற்றவள். அவளுடைய மூக்குதான் அவள் சொத்து. ஒரு குவளையை முகர்ந்து பார்த்தாலே அதில் எந்தத் தானியம், எந்தப் பழவாசம் என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். ஒரு நாள் அந்த ஆலையிலேயே, அங்கு வேலை செய்யும் இளம்பெண்ணோடு கணவனைக் கையும் களவுமாகப் பிடிக்கிறாள். நாவல் தொடங்குவதே அங்கேதான்.

வீட்டிலிருந்து அவனை வெளியேற்றிவிட்டு, சியாட்டிலிலிருந்து வந்த கேரட் என்பவர் புதிதாகத் திறக்கும் ‘நைட்ரோ’ என்ற சிறு ஆலையில் வேலைக்குச் சேர்கிறாள். திறப்பு விழாவுக்கு ஊரே திரண்டு வருகிறது. விழா நல்லபடியாக முடிகிறது. பிறகு பீர் நொதிக்கும் தொட்டிக்குள் ஒரு பிணம். இறந்தவர் போட்டி ஆலையில் பீர் தயாரிப்பவர். கையில் நைட்ரோவின் ரகசியச் செய்முறைத் தாள். போதாக்குறைக்குச் சந்தேகம் மேக்கின் பக்கம் திரும்புகிறது.

இதற்கு மேல் கதையைச் சொன்னால் என்னைத் திட்டுவீர்கள்.

ராஜேஷ்குமாரையும் சுஜாதாவையும் படித்து வளர்ந்த நமக்கு இந்த வகைக் கதை முதலில் கொஞ்சம் சப்பென்று தோன்றலாம். ஆங்கிலத்தில் இதைக் ‘கோஸி மிஸ்டரி’ என்கிறார்கள். கொலை நடக்கும், ஆனால் இரத்தம் கண்ணில் படாது. துப்பறிபவர் போலீஸ்காரராக இருக்க மாட்டார். பக்கத்து வீட்டுப் பாட்டியாகவோ புத்தகக் கடைக்காரராகவோ கேக் செய்பவராகவோ இருப்பார். ஊர் சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கொலைகாரனும் அந்த ஊரில்தான் தேநீர் குடித்துக்கொண்டிருப்பான். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1927-இல் ஒரு சிறுகதையில் தலைகாட்டி, 1930-இல் முழு நாவலுக்கு வந்தார். இன்றைய கோஸி துப்பறிவாளர்கள் எல்லாம் ஒரு வகையில் அவருடைய பேத்திகள்தான். கொலையோடு சமையலையும் சேர்த்துப் பரிமாறும் வழக்கம் அதற்குப் பிறகு வந்தது. வர்ஜினியா ரிச் 1982-இல் சமையல் பள்ளியில் கொலையை வைத்தார். 1990-இல் டயேன் மாட் டேவிட்சன் விருந்துச் சமையல்காரியைத் துப்பறிய வைத்து, கதைக்கு நடுவே சமையல் குறிப்புகளையும் கொடுத்தார். நம் பக்கத்திலும் உண்டு. சிங்கப்பூர் எழுத்தாளர் ஒவிடியா யூவின் ‘ஆண்ட்டி லீ’ஸ் டிலைட்ஸ்’ 2013-இல் வந்தது. பெரானாக்கான் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஆண்ட்டி லீ, வாடிக்கையாளர்களுக்கு ஊறுகாய் கொடுத்தபடியே கொலையாளியையும் தேடுவார். இந்த வகைக் கதைக்குப் புதியவர்கள் அதிலிருந்தும் தொடங்கலாம். வட்டார வாடை தெரிந்திருப்பதால் சுலபமாக உள்ளே போய்விடலாம்.

‘டெத் ஆன் டேப்’ என்னைப் பிடித்து நிறுத்தியது கொலையால் அல்ல, மாமனார் மாமியாரால். ஓட்டோவும் உர்சுலாவும் ஜெர்மனியிலிருந்து குடியேறி ஆலையைக் கட்டியெழுப்பியவர்கள். அம்மா அப்பா இல்லாமல் வளர்ந்த ஸ்லோனுக்கு அம்மா அப்பா என்றால் இவர்கள்தான். இப்போது இவர்களுடைய மகன் துரோகம் செய்துவிட்டான். அவனை விட்டுப் பிரிந்தால் இவர்களையும் விட்டுப் பிரிய வேண்டுமா? அவர்கள் ஆலையில் கற்ற தொழிலை எதிர்க்கடையில் போய்ச் செய்வது நன்றிகெட்ட செயலா? மருமகளை மாமியார் படுத்தும் பாடு பற்றி நம்மிடம் ஆயிரம் நாடகத் தொடர்கள் உண்டு. மகன் செய்த தப்புக்கு வெட்கப்பட்டு மருமகளுக்கு முன் கண்கலங்கி நிற்கும் மாமியாரை நான் அதிகம் படித்ததில்லை. மணவிலக்கு என்றால் வீடு, கார், பிள்ளை என்றுதான் கணக்குப் போடுகிறோம். மாமியார் வீட்டு அடுப்படியில் நமக்கென்று இருந்த இடம் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஸ்லோன் கொலையைத் துப்பறிகிறாள் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். உண்மையில் அந்த இடம் தனக்கு இன்னும் இருக்கிறதா என்பதைத்தான் அவள் புத்தகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கங்களுக்காகவே இரண்டாவது முறையும் புரட்டினேன்.

கதை நடக்கும் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நிஜமான ஊர். லெவன்வொர்த், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கேஸ்கேட் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 2,400 பேர். நம்மூர் அடுக்குமாடி வரிசை ஒன்றுக்குள் அடங்கிவிடுவார்கள். ஒரு காலத்தில் மரமறுக்கும் ஆலையும் ரயில் பணிமனையும் அந்த ஊருக்குச் சோறு போட்டன. 1920-களில் ரயில் நிறுவனம் தன் வேலைகளை வெனாட்சிக்கு மாற்றிக்கொண்டது. மர ஆலையும் பிறகு மூடப்பட்டது. கடைவீதி காலியாகி, ஊர் மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. 1962-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உதவியோடு ஊர்மக்கள் கூடிப் பேசி ஒரு மீட்புத் திட்டம் தொடங்கினார்கள். கலிபோர்னியாவில் டேனிஷ் பாணியில் உள்ள சோல்வாங் என்ற ஊர் சுற்றுப்பயணிகளால் பிழைப்பதைப் பார்த்தவர்கள், நாமும் ஒரு வேடம் போடலாமே என்றார்கள். சுற்றிலும் ஆல்ப்ஸ் போல மலை இருப்பதால் பவேரிய வேடம். கடைக்காரர்கள் தங்கள் சொந்தச் செலவில் மரப்பலகணி, சுவரோவியம், பூத்தொட்டி என்று முகப்பை மாற்றினார்கள். இன்று வங்கியும் பெட்ரோல் நிலையமும்கூட அங்கே ஜெர்மன் கிராமம் போலத்தான் இருக்கின்றன. கொட்டை உடைக்கும் மரப்பொம்மைகளுக்கென்று ஓர் அரும்பொருளகம்கூட உண்டு.

நாவலில் ஏப்ரல் என்றொரு பாத்திரம் வருகிறது. வீடு விற்கும் முகவர், வம்புக்காரி, வருடம் முழுக்கப் பவேரியப் பாவாடையிலேயே திரிபவர், வாயைத் திறந்தால் அரைகுறை ஜெர்மன். அவரைப் பார்த்து ஸ்லோன் எரிச்சல்படும்போது நாமும் சிரிக்கிறோம். ஆனால் அந்த வேடம்தான் ஊரைக் காப்பாற்றியது என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை.

இனி பீர். நான் குடிப்பவள் அல்ல. இருந்தாலும் அது எப்படிச் செய்யப்படுகிறது என்று இந்தப் புத்தகத்தில் படித்தபோது ஆச்சரியம் காத்திருந்தது. பார்லியைத் தண்ணீரில் ஊறவைத்து, முளைவிடச் செய்து, சரியான நேரத்தில் காயவைத்து வறுத்தால் அதுதான் மால்ட். நாம் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து, அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி போடுகிறோமே, அதே வேலை. முளைவிடும்போது தானியத்துக்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் உண்டாகின்றன. அந்த மால்ட்டை உடைத்து, ஏறக்குறைய 65 பாகை வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு இறங்கும். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் மைலோவுக்கும் ஹார்லிக்ஸுக்கும் அடிப்படை இந்த மால்ட்தான். 1934-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மெய்ன் மைலோவை உருவாக்கியபோது மால்ட்டோடு பாலையும் கொக்கோவையும் சேர்த்தார். பீர்காரர்கள் அந்தச் சாற்றோடு ஹாப்ஸ் என்ற கொடியின் கசப்புப் பூக்களைச் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட்டைப் போடுகிறார்கள். பாதை பிரிவது அங்கேதான். 1516-இல் பவேரியாவில் போட்ட சட்டம் பீருக்குள் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றைத் தவிர வேறொன்றும் போகக்கூடாது என்றது. ஈஸ்ட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அது என்னவென்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது!

இன்னொன்று. பீர் என்றால் ஆண்கள் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். பழைய சுமேரியர்களின் பீர் தெய்வம் நின்காசி ஒரு பெண். இடைக்கால ஐரோப்பாவில் அதைக் காய்ச்சி விற்றவர்களில் பெண்கள் ஏராளம். நம் சரவாக்கில் காவாய் திருநாளுக்குப் புளுட் அரிசியை வேகவைத்து, ராகி ஈஸ்ட்டைத் தூவித் துவாக் ஊறவைப்பது இன்றும் நீள்வீட்டுப் பெண்களின் கைப்பக்குவம்தான். ஸ்லோனை ஆண்களின் உலகத்தில் நுழைந்த பெண் என்று கதை சொல்கிறது. திரும்பி வந்தவள் என்றால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

ஆனாலும் ஒரு தமிழ்க் குடும்பத்து வாசகியாக இந்தப் புத்தகத்தை முழு நிம்மதியோடு என்னால் படிக்க முடியவில்லை. மது காய்ச்சும் இடம் ‘கோஸி’யாக, கதகதப்பாக இருக்க முடியும் என்பதே எனக்குப் புதிது. நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரிந்த மது வாசம் தோட்டத்துக் கள்ளுக்கடையுடையது. சம்பள நாளன்று லயத்து வாசலில் அப்பாவுக்காகப் பயந்து காத்திருந்த பிள்ளைகளின் கதை எத்தனை குடும்பங்களில் இருக்கிறது! 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் அவமானத்துக்கு முடிவு வேண்டும் என்பதோடும், கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். குடிக்கிற கூட்டம் என்று பெயர் சூட்டப்பட்டவர்களே கேட்டது அது. லெவன்வொர்த்தில் திறப்பு விழாவுக்குக் குழந்தை குட்டிகளோடு வந்து ஆளுக்கொரு சிறு குவளை சுவைத்துவிட்டுக் கலையும் கூட்டத்தைப் படிக்கும்போது, அந்த நினைவு குறுக்கே வந்துகொண்டே இருந்தது. நாவலில் யாருடைய சம்பளமும் குடியில் கரையவில்லை. யாருடைய வீட்டிலும் தட்டு உடையவில்லை. அது இந்த வகைக் கதையின் விதி என்று எனக்குத் தெரியும். கோஸியில் கொலைக்கு இடமுண்டு, குடிகாரனின் மனைவிக்கு இடமில்லை. கொஞ்சம் விசித்திரமான விதிதான்.

மற்றக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உணவு வர்ணனை அளவுக்கு மேல். பிணம் கிடைத்த மறுநாளே எல்லாரும் சமையலிலும் தள்ளுபடி விலையிலும் மூழ்கிவிடுகிறார்கள். மேயர்ஸ் என்ற பெண் போலீஸ் தலைவர் ஸ்லோனை இத்தனை தூரம் விசாரணைக்குள் விடுவது எந்த ஊர் நடைமுறை என்று தெரியவில்லை. முடிவு சட்டென்று வந்து விழுகிறது. பாதி வழியிலேயே நீங்கள் ஊகித்துவிட்டாலும் ஆச்சரியமில்லை. ஸ்லோனின் பிறப்பு பற்றிய கேள்வியை ஆசிரியர் அடுத்தடுத்த பாகங்களுக்குச் சேமித்து வைத்திருக்கிறார். ஆங்கிலம் எளிமையானது. ஆங்கில நாவல் படிக்கத் தயங்கும் இளையவர்கள் இதைத் துணிந்து எடுக்கலாம். கணவனின் துரோகமும் மதுவும் பேசப்படுவதால் இடைநிலைப்பள்ளியின் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்றால் சரி.

சூப்புக்கு வருவோம். புத்தகத்தைப் படிக்கும்போதே பார்லி மணம் மூக்கில் ஏறிவிட்டது. ஜெர்மனியில் குளிர் தொடங்கியதும் வீடுகளில் வைக்கும் பார்லி சூப் உண்டு, கிரௌப்பன்சுப்பே என்பார்கள். பார்லி, கேரட், லீக்ஸ், செலரிக் கிழங்கு, உருளைக்கிழங்கு, புகையூட்டிய இறைச்சி எல்லாம் ஒரே சட்டியில். நான் அதில் மஞ்சள் பூசணியும் ஒரு பச்சை ஆப்பிளும் சேர்த்தேன். பூசணி இலையுதிர்காலத்துக்காக. ஆப்பிள் லெவன்வொர்த்துக்காக, அந்த வட்டாரம் ஆப்பிள், பேரிக்காய்த் தோட்டங்களுக்குப் பேர்போனது. பீர் ஒரு துளியும் இல்லை, யார் வீட்டுக்கு வந்தாலும் கொடுக்கலாம்.

முதலில் பார்லி வாங்கும்போது கவனம். நம் மளிகைக் கடைகளில் பார்லி என்ற பெயரில் இரண்டு தானியங்கள் கிடைக்கும். பெரிதாக, உருண்டையாக, நடுவில் ஆழமான பள்ளத்தோடு இருப்பது சீனப் பார்லி. அது உண்மையில் வேறொரு புல்லின் விதை, இனிப்புக் கஞ்சிக்கு நல்லது. நமக்கு வேண்டியது சிறிய, வெள்ளை, மெல்லிய கோடு விழுந்த பார்லி. உடம்புச் சூட்டுக்கு அம்மா காய்ச்சிக் கொடுத்த பார்லித் தண்ணீர் இதில்தான்.

ஐந்து பேருக்கு 150 கிராம் பார்லியைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பெரிய வெங்காயம் ஒன்று, லீக்ஸ் ஒன்று, பூண்டு மூன்று பல், கேரட் இரண்டு, செலரித் தண்டு இரண்டு, எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். செலரிக் கிழங்கைத் தேடி அலைய வேண்டாம், தண்டே போதும். லீக்ஸின் மடிப்புக்குள் மண் இருக்கும். நீளவாக்கில் பிளந்து கழுவினால்தான் போகும். உருளைக்கிழங்கு இரண்டும், பூசணி 300 கிராமும் கொஞ்சம் பெரிய துண்டுகளாக இருக்கட்டும். ஆப்பிளைக் கடைசியில் துருவலாம், முன்பே துருவினால் கறுத்துப்போகும்.

அடிகனமான சட்டியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு, வெங்காயத்தையும் லீக்ஸையும் நிதானமாக வதக்குங்கள். பூண்டு, கேரட், செலரி. பிறகு தண்ணீர் வடித்த பார்லியைப் போட்டு மூன்று நான்கு நிமிடம் கிளறுங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பார்லி வெண்ணெயில் சூடேறும்போது வறுத்த வேர்க்கடலை போல ஒரு வாசம் கிளம்பும். சூப்பின் ருசி பாதி அதில்தான். இரண்டு லிட்டர் கோழி எலும்புச் சாறோ காய்கறி வேகவைத்த தண்ணீரோ ஊற்றி, பிரிஞ்சி இலை இரண்டும் ஒரு சிட்டிகை தைமும் போட்டு, மூடியைச் சற்றுத் திறந்துவைத்து இளந்தீயில் விடுங்கள். இருபது நிமிடம் கழித்து உருளைக்கிழங்கு. மேலும் பத்து நிமிடத்தில் பூசணியும் துருவிய ஆப்பிளும். மொத்தம் நாற்பத்தைந்து நிமிடத்தில் பார்லி மெத்தென்று, ஆனால் குழையாமல், பல்லில் சற்றே தட்டுப்பட வேண்டும். பிரஷர் குக்கரில் வைப்பவர்கள் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், பார்லி நுரைத்துப் பொங்கி விசில் துளையை அடைத்துவிடும்.

அசல் செய்முறையில் பன்றி இறைச்சி போடுவார்கள். பேரங்காடிகளில் கிடைக்கும் புகையூட்டிய வாத்து இறைச்சி 200 கிராமை மெல்லிசாக வெட்டி, தனியே ஒரு தவாவில் எண்ணெயில்லாமல் வாட்டி, கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்த்தேன். கோழியும் சரிதான். அதில் உப்பு உண்டு என்பதால் சூப்புக்கு உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். சைவக்காரர்களுக்கு: காளானை நன்றாகச் சிவக்க வறுத்து, புகையூட்டிய மிளகாய்த் தூள் அரைத் தேக்கரண்டி தூவினால் அந்த வாசம் வந்துவிடும். இறக்கும்போது மிளகு, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, ஆப்பிள் வினிகர் ஒரு தேக்கரண்டி, மேலே நறுக்கிய டாவுன் சூப். வினிகர் எதற்கு என்று என் மகன் கேட்டான். அது இல்லாமல் ஒரு கிண்ணமும் அதோடு ஒரு கிண்ணமும் கொடுத்தேன், இரண்டாவதைத்தான் முடித்தான். பூசணியும் ஆப்பிளும் தரும் இனிப்பை அந்தப் புளிப்பு அடக்குகிறது.

தடித்த ரொட்டித் துண்டோடு சாப்பிடலாம். எங்கள் வீட்டில் முந்தைய நாள் தோசையோடும் போனது, குறை சொல்ல ஆளில்லை. மீதியைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் காலை சூப் இருக்காது, பார்லி எல்லாத் தண்ணீரையும் குடித்துவிட்டுக் கூழாக நிற்கும். அரை லிட்டர் வெந்நீர் விட்டுச் சூடாக்கி உப்பைச் சரிபாருங்கள், பழையபடி ஆகிவிடும். வரிசையின் இரண்டாவது நூல் ‘தி பைன்ட் ஆஃப் நோ ரிட்டர்ன்’, லெவன்வொர்த்தின் அக்டோபர் விழாவில் நடக்கிறது. நான் ஐம்பதாவது பக்கத்தில் இருக்கிறேன்; உர்சுலா இன்னும் ஸ்லோனின் பக்கம்தான்.